பேர் போடாத நோய்

மேலூர்ப் பக்கம் விளக்கு வைத்த பிறகு பாம்பை யாரும் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். பொழுதடைந்தபின் பக்கத்து வீட்டில் போய் உப்பு, ஊசி என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அம்மை கண்ட வீட்டில் நோய்க்குப் பெயரே கிடையாது. "ஆத்தா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்றுதான் பேச்சு. இதில் மறைப்பு எதுவும் இல்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகி ஊருக்கே அறிவிக்கிற சங்கதி. பெயரைச் சொல்லாதது பயம் கலந்த மரியாதை. அதற்கு ஈடாக உரக்கச் சொல்லக்கூடிய இன்னொரு பெயர் கைவசம் இருந்தது.

ஒரே ஒரு நோய்க்குத்தான் அந்த ஈடும் இல்லை. என் அப்பத்தா அதைச் சொல்ல வேண்டி வந்தால் வலது கையை நீட்டி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டும். "அவுக வீட்ல இது இருந்துச்சு." அவ்வளவுதான். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு பழுதானால் முதலில் மடங்குவது அந்த இரண்டு விரல்கள்தான் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது, அப்பத்தாவின் சைகை எந்த மருத்துவப் பெயரையும்விடத் துல்லியமானது என்று பட்டது.

அதே அப்பத்தா வரப்புச் சண்டையில் இறங்கினால் கதை வேறு. "ஒங் கையி குட்டம் புடிச்சு அழுகிப் போக" என்று மூன்று வயல் தாண்டிக் கேட்கிற மாதிரி மண்ணை வாரித் தூற்றும். எதிரிக்கு என்றால் உரக்க, சொந்த வீட்டுக்கு என்றால் சைகை. ஒரு சொல் ஒரே வாயில் இப்படி இரண்டாகப் பிளந்து கிடப்பதை வேறு எந்த நோயிலும் நான் பார்த்ததில்லை.

உச்சரிப்பிலும் தலைமுறை தெரியும். அப்பத்தா காலத்து ஆட்கள் குட்டம் என்பார்கள், கொஞ்சம் நாசூக்கானவர்கள் பெருவியாதி என்பார்கள். மராத்தியிலும் இதே கணக்குத்தான், பாபா ஆம்தே தொடங்கிய அமைப்பின் பெயரே 'மகாரோகி சேவா சமிதி'. பள்ளிக்கூடம் போன அப்பா தலைமுறை குஷ்டம் என்றது. கஷ்டத்தையே கஸ்டம் என்கிற ஊரில் அது குஸ்டம் ஆனது. அடுத்து வந்தது தொழுநோய். பாடப்புத்தகத்தின் வழியாகவும் சுவர் விளம்பரத்தின் வழியாகவும் வந்த சொல். எங்கள் பக்கம் ழகரம் நாக்கில் நிற்காது, வாளப்பளம் தின்கிற ஜனம். ஆகவே தொளுநோய். போதாக்குறைக்கு மஞ்சுவிரட்டுக்கு மாடு அவிழ்த்துவிடும் இடத்துக்கும் இங்கே தொழு என்றுதான் பேர். "அதென்னடா தொளு நோயி, மாட்டுக்கு வாரதா?" என்று ஒரு பெரியவர் கேட்டது நகைச்சுவைக்காக அல்ல. வகுப்பில் எழுந்து வாசிக்க, ஜனவரி 30 அன்று வரிசையில் நின்று உறுதிமொழி சொல்ல என்று மட்டும்தான் அந்தச் சொல் வாயில் வந்தது. வீட்டுக்குள் அது நுழையவே இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் லெப்ரசி என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அது "தோல் டாக்டர்ட்ட காமிச்சோம்" என்று ஆகிவிடும்.

*

தொழுநோய் அரசாங்கம் கண்டுபிடித்த கண்ணியமான புதுச்சொல் என்று என் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அது நாலடியாரிலேயே இருக்கிறது. தீவினையச்சம் என்கிற அதிகாரத்தில், முற்பிறவியில் நண்டை ஆசையோடு பிடித்துக் கால் முறித்துத் தின்றவர்களுக்குப் பழைய வினை வந்து சேரும்போது உள்ளங்கை மட்டும் மிஞ்ச விரல்கள் அழுகும் என்று ஒரு வெண்பா. அந்த நிலைக்கு அது சொல்லும் பெயர் தொழுநோய்தான். (சளி பிடித்தால் வயல் நண்டை இடித்து ரசம் வைக்கிற ஊர் எங்களுடையது. நல்லவேளை, யாரும் அதிகாரம் அதிகாரமாக நாலடியார் படிப்பதில்லை.)

பாண்டியனிடம் சொல்லாமல் மதுரையை விட்டுப் போன எண்ணாயிரம் சமணர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்ததாகவும், ஏடுகளை வைகையில் வீசியபோது நானூறு மட்டும் எதிரேறி வந்ததாகவும் ஒரு கதை உண்டு. சமணர்கள் கதையில் மட்டும் இருந்தவர்கள் அல்ல. மேலூரைச் சுற்றிக் கீழவளவு, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று எந்தக் குன்றில் ஏறினாலும் அவர்களுடைய கற்படுக்கை இருக்கிறது, பக்கத்தில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. நாலடியார் அந்தக் கல்வெட்டுகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது, அந்தத் துறவிகள் தலையில் பாட்டைக் கட்ட முடியாது. ஆனால் உயிர்க்கொலைக்குக் கணக்குத் தீர்க்கும் ஒரு வினைக்கோட்பாடு இந்த மண்ணில் நெடுநாள் புழங்கியது. பெயர் கிடைக்கும்போதே அந்த நோய்க்குக் காரணமும் கிடைத்துவிட்டது. விரல் போனவன் எதையோ முறித்தவன்.

குஷ்டம் வேறு பாதையில் வந்தது. ஆயுர்வேத நூல்களில் அது ஒரு நோயின் பெயரல்ல, பதினெட்டு வகையாகப் பிரித்த தோல் நோய்க் கூட்டத்தின் பெயர். சித்த மருத்துவமும் குட்டம் பதினெட்டு என்றே எண்ணியது. படையோ சொறியோ நிறம் மாறிய தோலோ, எல்லாம் அந்தக் கூரைக்குள் அடக்கம். வெள்ளைத் திட்டும் அதில் ஒன்றாகி வெண்குஷ்டம் ஆனது. மத்தியத் தரைக்கடல் பக்கமும் இதே குளறுபடிதான். எபிரேய பைபிளில் வரும் 'சாராத்' மனிதத் தோலில் மட்டுமல்ல, லேவியராகமத்தின்படி துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வரும். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்குச் செதில் உதிரும் தோல் நோயைக் குறித்த 'லெப்ரா' என்ற சொல்லைப் போட்டார்கள். தமிழுக்கு வரும்போது அது குஷ்டரோகம். சுவருக்குப் பிடித்த பூஞ்சணமும் எங்கள் ஊர்க்காரரின் மரத்த விரலும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்த வழி இது. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் தொழுநோய் என்று மாற்றிக்கொண்டது. பழைய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்த பாட்டிமார்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

அத்தனை பெயர்களுக்கும் அடியில் இருந்த ஒற்றை நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வேயின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் கண்டது 1873-ல். அதற்கு முன்பு அங்கேயே தானியல்சனும் பெக்கும் 1847-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூல், இது பரம்பரை நோய் என்று சாதித்தது. "அவுக ரத்தத்துல ஓடுது" என்ற எங்கள் ஊர்ப் பேச்சை அறியாமை என்று சிரிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கிருமி உள்ளே போய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். நெடுநாள் நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றும், அதிலும் மிகப்பலருக்கு இயல்பான எதிர்ப்புச் சக்தி உண்டு. அப்பனுக்கு வந்து, இருபது வருடம் கழித்து மகனுக்கு வந்தால் பார்க்கிறவனுக்கு ரத்தம் என்றுதான் தோன்றும். விஞ்ஞானிகளுக்கே அப்படித்தான் தோன்றியது.

*

இந்தப் பெயருக்குக் கோரப்பல் முளைத்தது சட்டத்தால் என்பது என் எண்ணம். 1889-ல் ஹவாய்த் தீவில் பாதிரியார் டேமியன் இந்த நோயில் இறந்தபோது லண்டன் பதறியது. 1890-91ல் இந்தியா முழுக்கச் சுற்றிய ஆணையம், தொற்றும் ஆபத்து குறைவுதான் என்று சொன்னது. சொல்லியும் 1898-ல் சட்டம் வந்தது. பிச்சை எடுக்கிற, புண்ணைக் காட்டிக்கொண்டு திரிகிற, பிழைப்புக்கு வழியில்லாத நோயாளியைப் பிடியாணை இல்லாமல் போலீஸ் பிடிக்கலாம். அந்தச் சட்டம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளி உணவுப் பண்டம் விற்கக் கூடாது, பொதுக்கிணற்றில் இறங்கக் கூடாது என்று தடை போடலாம். 'ஏழை' என்ற அடைமொழியைக் கவனியுங்கள். வீட்டில் சோறும் கூரையும் இருக்கிறவனைச் சட்டம் தொடாது. அப்படியென்றால் குடும்பம் என்ன செய்யும்? வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

சொத்திலும் இதே கதை. பழைய இந்துச் சட்டப்படி கடுமையான குஷ்டம் கண்டவனுக்குப் பாகப்பிரிவினையில் பங்கை மறுக்க முடிந்தது. 1928-ல் வந்த சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதுவரை பங்காளி வாயில் அந்தச் சொல் விழுந்தால் நிலம் போகும். சாபத்தில் அந்தச் சொல் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்று இப்போது புரிகிறது. அது உடம்பை மட்டும் சபிக்கவில்லை. 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் 'கடுமையான, குணப்படுத்த முடியாத' தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்தது. அப்போது டாப்சோன் மாத்திரை புழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1898 சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக் காரணமாக இருந்தது, இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சட்டங்கள் உள்பட ஐந்து சட்டங்களிலிருந்து 2019-ல் எடுக்கப்பட்டது. 2019. பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்த வருடம்.

இங்கே என் குடும்பத்துக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். "அவருக்கு ஊர்ச் சத்தம் ஆகாது, அதான் கெணத்து மேட்டுலயே இருந்துக்கிட்டாரு" என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கிணற்று மேட்டில் கொட்டில், தனிக் கும்பா, மூன்று வேளையும் தாத்தாவே கொண்டுபோய்க் கொடுத்த சோறு. தொட்டுப் பேசினார்கள், பக்கத்தில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அவர் தெருவுக்குப் போகவில்லை, எந்த விடுதிக் கணக்கிலும் ஏறவில்லை, பங்கும் போகவில்லை. குடும்பத்து மௌனத்தை நம் இலக்கியம் எப்போதும் கொடுமையாகவே காட்டுகிறது. இந்த மௌனம் ஓர் ஆளை முப்பது வருடம் சோறு போட்டுக் காப்பாற்றியது.

ஆனால் எங்கள் பக்கம் பேரன் என்றால் பேர் உள்ளவன். தாத்தா பேர் பேரனுக்கு வரும், மூத்தவர் பேர் முதலில் வரும். எங்கள் வகையறாவில் ஏழு ஆண் பேரன்கள். தாத்தா பேர் இருவருக்கு இருக்கிறது, தம்பித் தாத்தா பேர் ஒருவனுக்கு இருக்கிறது, குலசாமி பேர் மிச்சப்பேருக்கு. அவர் பேர் யாருக்கும் போடவில்லை. கணினிச் சிட்டா எடுத்தால் கூட்டுப்பட்டாவில் அவர் பேர் இன்னும் வருகிறது, மனிதர்கள் யாரிடமும் இல்லை. அதை இந்தக் கட்டுரையிலாவது எழுதிவிடலாம் என்று நினைத்தேன். "எழுதுறத எழுது, பேரப் போடாத அப்பு, பிள்ளைக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் சித்தப்பா. அவர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

*

பெயரின் மேல் கடைசி ஆணியை அடித்தவர் எம்.ஆர். ராதா என்று சொன்னால் ராதா ரசிகர்கள் கோபப்படுவார்கள். நானும் ராதா ரசிகன்தான். நாடகமாக ஊர் ஊராகப் போய், 1954-ல் படமாகவும் வந்த 'ரத்தக்கண்ணீ'ரில், சீமை போய் வந்து தாசி வீடே கதியென்று கிடந்து தாயையும் மனைவியையும் உதாசீனம் செய்த மோகனுக்குக் குஷ்டம் வருகிறது. பகுத்தறிவு பேசிய நாடகக்காரர் நோய் விஷயத்தில் நாலடியார் பக்கமே நின்றார். நண்டின் இடத்தில் காந்தா வந்தாள், அவ்வளவுதான். தாசி வீட்டுக்குப் போவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பே கிடையாது. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே! ஊர்த் திருவிழாவில் பலகுரல் செய்கிற எவனும் அந்தக் காந்தாவைக் கூப்பிடாமல் மேடையை விட்டு இறங்க மாட்டான். கூட்டத்தில் கிணற்று மேட்டுக்குச் சோறு கொண்டுபோகிற வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்திருப்பார்கள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும். வினை என்றிருந்தவரை போன பிறவி. படத்துக்குப் பிறகு இந்தப் பிறவியின் ஒழுக்கம், அதுவும் அந்தக் குடும்பத்தின் ஒழுக்கம்.

மருந்தின் கதை இதைவிட வேகமாக நடந்தது. முதலில் நீரடிமுத்து எண்ணெய். நாட்டுமருந்துக் கடையில் அதைக் கேட்பதே நோயின் பெயரைச் சொன்ன மாதிரி என்பதால் வெளியூர்க் கடையில் வாங்குவார்களாம். 1940களில் சல்போன் மருந்துகள், செங்கல்பட்டில் காக்ரேன் போன்றவர்கள் அவற்றைக் கையாண்டு பார்த்தார்கள். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோனோடு ரிஃபாம்பிசினும் குளோஃபசிமினும் சேர்த்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், இலவசம், குணம். மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு நோய்க்கு இப்படி ஒரு முடிவு கிடைத்ததே பெரிய விஷயம். முதல் மாத்திரையிலேயே தொற்றும் தன்மை கிட்டத்தட்ட அடங்கிவிடும்.

அப்புறம் ஏன் விரல் போகிறது? தேமல் என்ற சொல்லால். வெளிறிய ஒரு திட்டு, தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது, வலிக்காது, அரிக்காது. உணர்ச்சியற்ற தேமல் என்று ஒரு காலத்தில் பள்ளிச் சுவர், பாலச் சுவர் எல்லாம் எழுதிப் போட்டார்கள். சொல்லப் போனால் அது சரியான தேர்வு. குஷ்டம் என்று எழுதியிருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடு அந்த இரண்டு சொல்லில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. "தேமல்தான், அழகுத் தேமல்." மஞ்சள் போடு, சீமை அகத்தி இலையை அரைத்துத் தடவு. ஒரு வருடம் போகும், இரண்டு வருடம் போகும். நரம்பு செத்தால் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர உணர்ச்சியைத் திருப்பித் தராது. அதன் பிறகு அடுப்புச் சூடும் ஆணியும் காலில் ஏறுவது தெரியாமலே புண்ணாகும். கிணற்று மேட்டில் ஆளைக் காப்பாற்றிய அதே மௌனம், மருந்து வந்த பிறகு விரலைத் தின்னத் தொடங்கியது. மௌனம் மாறவில்லை. அது நின்ற காலம்தான் மாறிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். நிறுத்தினால் மெல்லப் பழைய நிறம் வரும், ஆனால் சாப்பிடுகிற ஒரு வருடமும் முகம் கறுத்துத் தெரியும். மருந்தே ஊருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. "திருப்பூர் போயி வெயில்ல நின்னு கறுத்துட்டான்" என்று சொல்லிச் சமாளித்த ஒரு தாயை எனக்குத் தெரியும். சாயப்பட்டறையில் வெயில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதும் ஊரின் ஒரு பண்புதான்.

*

பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகுமா என்று உலகம் முயன்று பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் விடுதியிலிருந்து 'த ஸ்டார்' என்ற இதழை நடத்திய ஸ்டான்லி ஸ்டைன், நோயாளியைக் குறிக்கும் 'லெப்பர்' என்ற சொல்லை ஒழிக்க வாழ்நாள் முழுக்கப் போராடினார். ஸ்டான்லி ஸ்டைன் அவருடைய இயற்பெயர் அல்ல. விடுதிக்குள் நுழைந்ததும் சொந்தப் பெயரைக் கழற்றி வைக்கிற வழக்கம் அங்கே இருந்தது. ஜப்பானிய விடுதிகளிலும் இருந்தது. குடும்பத்துக்குத் தெறிக்கக் கூடாது என்பதற்காக. ஜப்பான் 1996-ல் தன் தடுப்புச் சட்டத்தை நீக்கியபோது நோயையும் ஹான்சன் நோய் என்று மாற்றியது. பிரேசில் 1995-ல் சட்டம் போட்டு அரசு ஆவணங்களில் 'லெப்ரா' என்ற சொல்லையே நீக்கியது, அங்கே இப்போது ஹான்செனியாசே. கிருமியைக் கண்ட ஒரு நார்வேக்காரரின் தலையில் சுமையை ஏற்றியாகிவிட்டது. இங்கே அதை யார் சொல்வது? ஹான்சன் எங்கள் வாயில் ஆன்சன் ஆகி, யாரோ ஒரு பாதிரியார் பெயர் போல் நின்றுவிடும்.

பெயர் மாற்றம் உண்மையிலேயே வேலை செய்த ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இயக்கமாகத் திரண்டு கேட்டு, கருணாநிதியின் 2006-11 ஆட்சியில் வெண்குஷ்டம் வெண்புள்ளி என்று அதிகாரபூர்வமாக மாறியது. எங்கள் தெருவிலேயே அதன் பலனைப் பார்த்தேன். "வெண்புள்ளிதான், ஒட்டாது" என்று மாப்பிள்ளை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிக் கல்யாணம் நடந்தது. ஏனென்றால் அது முன்னாலேயே குஷ்டம் இல்லை. தப்பான வீட்டில் ஏறியிருந்த பெயர் இறங்கிக்கொண்டது. தொழுநோய்க்கு அந்த வசதி இல்லை. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் பயம் புதுவீட்டுக்கு மூட்டை முடிச்சோடு குடிவந்துவிடுகிறது. ஆகவே மேடைக்கு மேடை சொல்லை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு.

அதைவிட மோசமாக வேலை செய்த சொல் 'ஒழிப்பு'. 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை ஒழித்த நிலையை எட்டியதாக அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோயாளி எண்ணிக்கை வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஊர் அதை 'ஒழிஞ்சிருச்சு' என்று கேட்டுக்கொண்டது. 2019-ல் உலகம் முழுக்கக் கண்டறியப்பட்ட 2 லட்சத்துச் சொச்சம் புதிய நோயாளிகளில் 1 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல் இந்தியர்கள். இல்லாத நோய்க்கு யார் போய்க் காட்டுவார்கள்?

மேலூர்ப் பக்கம் கிராமங்களில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரிடம், எந்தப் பெயரைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "எந்தப் பேரும் சொல்ல மாட்டேன் தம்பி. தேமல் இருக்கா, தொட்டாத் தெரியுதான்னு கேப்பேன். டாக்டர் பாத்து உறுதியானப்புறம், முதல் டோஸ என் கண்ணு முன்னால முழுங்க வைக்கணும், அது விதி. முழுங்கித் தண்ணி குடிச்ச பெறகு சொல்லுவேன், இதான் ஒங்களுக்கு இருந்துச்சுன்னு."

இருந்துச்சு என்றா சொல்வீர்கள், இருக்கு என்று இல்லையா?

"இருந்துச்சுன்னுதான்" என்றார். இருபத்தெட்டு நாள் மாத்திரை அட்டையில் முதல் வரிசை காலியாகியிருந்தது. கை விரலால் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.